நின்றால் நடுங்கும் கார்

ஓடும்போது எந்தக் குறையும் தெரிவதில்லை. சிக்னலில் நின்றதும் ஸ்டீயரிங் நடுங்குகிறது. உள்கண்ணாடியில் பின்னால் நிற்கும் பஸ்ஸின் உருவம் கலங்குகிறது. விசாரித்தால் ஒருவர் பிளக் என்பார், இன்னொருவர் மவுண்டிங் என்பார், மூன்றாமவர் வீல் பேலன்சிங் செய்யச் சொல்வார். மூன்றாவதை உடனே தள்ளிவிடலாம். நிற்கிற வண்டியில் சக்கரம் சுற்றுவதில்லை.

மற்ற இரண்டையும் பிரித்தறிய, ஸ்பேனரைத் தொடும் முன்பே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்கு சிலிண்டர் இன்ஜின் ஐடிலிங்கில் 750 ஆர்பிஎம்மில் ஓடுகிறது என்றால், நொடிக்கு 12.5 சுற்று. ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் எரியும். நான்கும் சேர்ந்து நொடிக்கு 25 துடிப்பு. நல்ல இன்ஜினிலும் இந்த 25 இருந்தே தீரும். ஒரு சிலிண்டர் மட்டும் சரியாக எரியாவிட்டால் அந்தக் குறை நொடிக்கு ஆறு முறைபோலத் தலைகாட்டும். ‘மிஸ்ஸிங் அடிக்குது’ என்று மெக்கானிக்குகள் சொல்லும் உதறல் இதுதான்.

இந்த எண்ணைப் பார்க்கப் பெரிய கருவி தேவையில்லை. அதிர்வை அளக்கும் ஆப் ஒன்றைப் போட்டு, செல்போனை டேஷ்போர்டில் அசையாமல் வைத்தால் போதும். 6 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு உயர்ந்தால் ஏதோ ஒரு சிலிண்டரில் கோளாறு. 12.5-இல் உயர்ந்தால் கிராங்க் புல்லி, ஃப்ளைவீல் போல இன்ஜினோடு சுற்றும் ஏதோ ஒன்று சமநிலை இழந்திருக்கலாம். 25-இல் மட்டும் உயர்ந்தால் இன்ஜின் ஒழுங்காகவே எரிகிறது. அதன் துடிப்பை பாடிக்கு வராமல் தடுக்க வேண்டிய மவுண்டிங் ரப்பர்தான் தளர்ந்திருக்கும்.

மூன்று சிலிண்டர் கார்களில் அந்த 25 என்பது சுமார் 19 ஆகிவிடும். துடிப்பு மெதுவாக ஆக ஆக ரப்பரால் அதை அடக்குவது கடினம். மாருதி 800 ஓட்டியவர்களுக்கு அந்த நடுக்கம் பழகிய சங்கதி.

மிஸ்ஸிங் என்று தெரிந்தால் ஸ்கேனர் உதவும். பி0301 என்ற பிழைக் குறியீட்டைக் காட்டினால் முதல் சிலிண்டர். அதன் இக்னிஷன் காயிலைக் கழற்றி இரண்டாவதில் மாட்டி, குறியீட்டை அழித்துவிட்டு மறுபடி ஓடவிடுவார் அனுபவசாலி. குறியீடு பி0302 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் பிளக், இன்ஜெக்டர், காற்றுக் கசிவு என்று தேடல் நகரும்.

மவுண்டிங்கின் கதை பழையது. 1931-இல் கிரைஸ்லர் நிறுவனம் பிளிமத் காரில் இன்ஜினை ரப்பர் மீது, அதன் எடை மையத்தை ஒட்டிய அச்சில் ஆடும்படி உட்காரவைத்தது. ‘ஃப்ளோட்டிங் பவர்’ என்று பெயர். அதற்கு உரிமம் வாங்கிய பிரான்ஸின் சித்ரோவென், தன் கார்களின் முகப்பில் நீந்தும் அன்னத்தையே சின்னமாகப் பதித்தது. இன்று பல கார்களில் ரப்பருக்குள் திரவமும் அடைத்திருக்கிறார்கள். ரப்பர் கிழிந்து அது ஒழுகினால் மவுண்டிங்கின் கீழே ஈரக்கறை படியும்.

ஆட்டோமேட்டிக் காரில் சோதிப்பது எளிது. பிரேக்கை மிதித்தபடி டிரைவில் போட்டால் நடுங்கி, நியூட்ரலில் அடங்கினால் முதல் சந்தேகம் மவுண்டிங் மீதுதான். பானெட்டைத் திறந்து, ஒருவர் பிரேக்கை மிதித்தபடி டிரைவுக்கும் ரிவர்ஸுக்கும் மாற்றும்போது இன்ஜின் எவ்வளவு சாய்கிறது என்று பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். காருக்கு எதிரே நிற்கக் கூடாது. ஏசி போட்டால் மட்டும் நடுக்கம் வந்தால் ரேடியேட்டர் ஃபேன், கம்ப்ரசர் பிராக்கெட் இரண்டையும் பார்க்கலாம். வேகத்தடையில் அடிவாங்கிய சைலன்சர் பாடியைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் இதே நடுக்கம் வரும்.

புது மவுண்டிங் போட்ட பிறகும் நடுக்கம் போகவில்லையென்றால் அடுத்த பாகத்தை வாங்க ஓட வேண்டாம். சில வண்டிகளில் போல்ட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, இன்ஜினை ஐடிலிங்கில் ஓடவிட்டு, அது தன் இடத்தில் அமர்ந்த பிறகு முறுக்கினாலே சரியாகிவிடும்.