திவாலானவரின் தவணைக் கார்: வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா?

வாங்கிய கடனை அடைக்க வழியற்றுப் போன நிலையைத் தமிழர் ‘நொடித்துப் போதல்’ என்பர். ‘திவால்’ என்பது வடநாட்டு வழக்கிலிருந்து வந்து தமிழில் நிலைத்துவிட்ட சொல். இவ்விரண்டில் எதைக் கேட்டாலும், ஒருவருடைய வாழ்வே முடிந்துவிட்டது போன்ற அச்சம் மனத்தில் எழுகின்றது. ஆயின், சட்டம் அவ்வாறு கருதுவதில்லை. பழைய கணக்கேட்டை மூடிப் புதிய ஏட்டைத் திறப்பதற்கு ஏற்பட்ட வழியே திவால் என்பது சட்டத்தின் கருத்து. மூடப்படும் ஏட்டிலிருந்து எந்தக் கடனைப் புதிய ஏட்டிற்கு எடுத்துச் செல்வது? இக்கேள்வி மிகக் கூர்மையாக எழும் இடம், தவணைக் கடனில் வாங்கிய கார்.

இதனை ஆராய்வதற்கு அமெரிக்க நாட்டுச் சட்டம் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். அந்நாட்டில் பெருநகரங்கள் சிலவற்றை நீக்கிப் பார்த்தால், பேருந்தையும் இரயிலையும் மட்டும் நம்பி வேலைக்குப் போய்வருதல் அரிது. காரை இழந்தவர் வேலையையும் இழக்க நேரலாம். வேலை போனால் புதிய ஏட்டில் எழுதுவதற்கு வரவு ஏது? ஆகவே, காரை வைத்துக்கொள்ள வேண்டும் என்னும் துடிப்பு இயற்கையானதே. அந்தத் துடிப்பே ஒருவரை மீண்டும் கடனில் ஆழ்த்தவும் கூடும் என்பதைச் சட்டம் இயற்றியோர் உணர்ந்திருந்தனர்.

கார் யாருடையது?

மலேசியாவின் 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டத்தின்படி, பணம் கொடுத்த வங்கியே காரின் உரிமையாளர். காரை ஓட்டுபவர் தவணை முடியும் வரை வாடகையாளரே. அமெரிக்க முறை வேறு. அங்கே வாங்கியவரே உரிமையாளர். கடன் கொடுத்தவருக்கு அந்தக் காரின்மீது ‘பற்றுரிமை’ மட்டும் உண்டு. தவணை தவறினால் காரை எடுத்து விற்றுக்கொள்ளும் உரிமை அது.

எனவே, அமெரிக்கக் கடனாளியை இரண்டு கயிறுகள் கட்டியிருக்கின்றன. ஒன்று, ‘இப்பணத்தை நான் திருப்பித் தருவேன்’ என்று அவர் கையெழுத்திட்ட வாக்குறுதி. மற்றொன்று, காரின்மீதுள்ள பற்றுரிமை. திவால் சட்டம் முதற்கயிற்றை அறுக்கின்றது. இரண்டாவது கயிற்றை அது தொடுவதில்லை. கடன் ஒழிந்த பின்னரும், பணம் வராவிட்டால் கார் போய்விடும். இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

மூன்று வழிகள்

அமெரிக்கத் திவால் சட்டத் தொகுப்பின் 7ஆம் அத்தியாயத்தின் கீழ் ஒருவர் மனுச் செய்தவுடன், கடன்காரர்களின் கைகளைக் கட்டிப்போடும் தடை பொதுவாகத் தானே நடைமுறைக்கு வந்துவிடுகின்றது. காரைத் தூக்கிச் செல்ல வந்தவரும் நிற்க வேண்டியதுதான். ஆனால் இத்தடை என்றென்றும் நிற்பதன்று. மனுச் செய்த 30 நாள்களுக்குள், அல்லது கடன்காரர் கூட்டத்தின் நாளுக்குள், இவ்விரண்டில் எது முந்தியதோ அதற்குள், காரை என்ன செய்யக் கருதுகிறார் என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அவர்முன் உள்ள வழிகள் மூன்று.

முதலாவது, ஒப்படைத்தல். காரைக் கடன் கொடுத்தவரிடம் விட்டுவிடுவது. அவர் அதனை ஏலத்தில் விற்பார். விற்ற பணம் கடனுக்குப் போதாவிட்டால் எஞ்சியதைத் திவாலானவரிடம் கேட்க முடியாது. அந்தப் பாக்கி மற்றக் கடன்களோடு ஒழிந்துவிடுகின்றது.

இரண்டாவது, மீட்டுக்கொள்ளுதல். கடன் எவ்வளவாயினும், காரின் இன்றைய மதிப்பை மட்டும் ஒரே தொகையாகக் கட்டிப் பற்றுரிமையை நீக்கிக்கொள்வது. குடும்பத்தின் சொந்தப் பயனுக்கு வைத்துள்ள வண்டிக்கே இவ்வழி பொருந்தும். மதிப்பு என்பது ஏல விலையன்று. அதே வயதும் நிலையும் உள்ள காரை வணிகர் ஒருவர் சில்லறையாக என்ன விலைக்கு விற்பாரோ, அதுவே மதிப்பு என்று 2005ஆம் ஆண்டுத் திருத்தம் வரையறுத்தது. இவ்வழியில் உள்ள இடர் வெளிப்படை. நொடித்துப் போனவரிடம் மொத்தத் தொகை எங்கிருந்து வரும்? உறவினர் உதவலாம். இதற்கென்றே கடன் தரும் நிறுவனங்களும் உள்ளன. அவற்றின் வட்டி கடுமையானது.

மூன்றாவது, கடனை மீண்டும் உறுதி செய்தல். திவால் அறுக்கவிருந்த முதற்கயிற்றைக் கடனாளி தாமே மறுபடியும் கட்டிக்கொள்வது. கார் அவரிடம் இருக்கும், தவணை தொடரும், கடனும் திவாலுக்குப் பின் முழு வலிமையோடு உயிர்வாழும்.

சட்டம் வைத்த வேலிகள்

இம்மூன்றில் கடைசி வழியைச் சுற்றி மட்டும் சட்டம் பல வேலிகளை எழுப்பியிருக்கின்றது. அதன் காரணம் வரலாற்றில் உள்ளது. 1978ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு வருவதற்கு முன், விடுதலை பெற்றவர் ஒரு புது வாக்குறுதி கொடுத்துவிட்டால் போதும். ஒழியவேண்டிய கடன் மீண்டும் உயிர்பெற்றுவிடும். நேர்மையாக நடந்தும் நொடித்துப் போனவருக்குப் புதுவாழ்வு தருவதே திவால் சட்டத்தின் நோக்கம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1934ஆம் ஆண்டிலேயே விளக்கியிருந்தது. அந்நோக்கம் ஒரு கையெழுத்தினால் வீணாகாமல் காக்கவே வேலிகள் வேண்டியிருந்தன.

மறு உறுதி ஒப்பந்தம் விடுதலை ஆணைக்கு முன்பே செய்யப்பட வேண்டும். நீதிமன்றத்தில் பதிவாக வேண்டும். வழக்கறிஞர் இருப்பின், ‘இவர் அறிந்தே, தம் விருப்பப்படி ஒப்புகிறார், இதனால் இவர் குடும்பம் தாங்க முடியாத துன்பத்திற்கு உள்ளாகாது’ என்று அவர் சான்று தர வேண்டும். வழக்கறிஞர் இல்லாதவரை நீதிபதியே நேரில் அழைத்து விளக்க வேண்டும். மாதச் செலவு போக எஞ்சும் வருமானம் தவணைக்குப் போதவில்லையெனில், இது தாங்க முடியாத சுமை என்றே சட்டம் பொதுவாக முற்கோள் கொள்கின்றது. கையெழுத்திட்ட பின்னும் மனம் மாற இடமுண்டு. விடுதலை ஆணை வரும் வரையிலோ, ஒப்பந்தம் பதிவான 60 நாள்கள் வரையிலோ, இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை அதனை விலக்கிக்கொள்ளலாம்.

காரை விட்டுவிட வேலி ஏதும் இல்லை. வைத்துக்கொள்ளவே இத்தனை வேலிகள். ஆபத்து எப்பக்கம் உள்ளது என்று சட்டம் கருதுகின்றது என்பதை இதனால் உணரலாம்.

நான்காவது வழி உண்டா?

‘ஒப்பந்தமும் வேண்டாம், மீட்பும் வேண்டாம்; தவணையைத் தவறாமல் கட்டிக்கொண்டே போனால் என்ன?’ என்று ஒருவர் கேட்கலாம். 2005க்கு முன் பல வட்டாரங்களில் அதற்கு இடம் இருந்தது. அவ்வாண்டுத் திருத்தம் அவ்வழியைப் பெரும்பாலும் அடைத்துவிட்டது. உரிய காலத்தில் மீட்காமலும் உறுதி செய்யாமலும் இருப்பவருக்குக் கிடைத்த தடைக் காப்பு விலகிவிடும். தவணைகளைக் கட்டிவந்த ஒருவரின் காரைக் கடன் கொடுத்த நிறுவனம் எடுத்துக்கொண்டது செல்லும் என்று ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. ஆயினும், சில மாநிலச் சட்டங்கள் தவணை தவறாதவரின் வண்டியைப் பறிப்பதைத் தடுக்கின்றன. பணம் வரும்வரை வாளாவிருக்கும் கடன்காரர்களும் உண்டு. இவ்வழி ஊருக்கு ஊர், கடன்காரருக்குக் கடன்காரர் மாறுவது, உறுதியென நம்பத்தக்கதன்று.

கணக்கு என்ன சொல்கின்றது?

ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப் பார்ப்போம். ஒருவர்க்குக் காரின்மீது 14,000 டாலர் கடன். வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 15. இன்னும் 48 மாதங்கள், மாதம் 390 டாலர் கட்ட வேண்டும். காரின் இன்றைய மதிப்போ 8,000 டாலர்.

மீண்டும் உறுதி செய்தால், 8,000 டாலர் பெறும் காருக்கு அவர் கட்டப்போவது 18,720 டாலர். மீட்டுக்கொண்டால் 8,000 டாலரோடு முடியும். ஆனால் அதனை ஒரே முறையில் கட்ட வேண்டும். ஒப்படைத்தால் 14,000 டாலரும் ஒழியும். ஆனால் வேலைக்குச் செல்ல வேறு வழி தேட வேண்டும். மாதம் மிஞ்சும் 390 டாலரைச் சேர்த்தால் பத்து மாதத்தில் 3,900 டாலர் ஆகும். பழைய கார் ஒன்றை வாங்க அது பெரிதும் உதவும்.

உறுதி செய்த ஓராண்டிற்குப் பின் அவருக்கு வேலை போய்விட்டது என்று கொள்வோம். அப்போது கடன் ஏறக்குறைய 11,240 டாலர் இருக்கும். கார் பறிபோய் ஏலத்தில் 5,500 டாலருக்கு விலைபோனால், காரும் இல்லாமல் 5,700 டாலருக்கு மேல் பாக்கி நிற்கும். ஏலச் செலவு தனி. இம்முறை 7ஆம் அத்தியாயத்தின் விடுதலையை நாடவும் முடியாது. முதல் மனுவிலிருந்து எட்டு ஆண்டுகள் கழியாமல் 7ஆம் அத்தியாயத்தில் மற்றொரு விடுதலை கிடைக்காது.

காரை விட்டுவிடுவதே எப்போதும் அறிவுடைமை என்று இதனால் முடிவு கட்டிவிடலாகாது. 5,000 டாலர் கடனே எஞ்சியிருந்து, காரின் மதிப்பு 9,000 டாலராகவும் வட்டி குறைவாகவும் இருந்தால், வைத்துக்கொள்வதே நன்று. ஆனால் அங்கே வேறொன்றைக் கவனிக்க வேண்டும். கடன் போக எஞ்சும் 4,000 டாலர் மதிப்பு அவருடைய சொத்து. திவால் சொத்துகளைக் கையேற்கும் பொறுப்பாளர் அதில் கை வைக்கலாமா? கூட்டரசுச் சட்டம் ஒரு வண்டியில் 5,025 டாலர் வரை விலக்கு அளிக்கின்றது. இத்தொகை 2025ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நடப்பிலுள்ளது. பல மாநிலங்கள் தமக்கெனத் தனி வரம்பு வகுத்துள்ளன. வரம்பிற்குள் அடங்கினால் கவலையில்லை.

நிலையான வருமானம் உள்ளவர்க்கு 13ஆம் அத்தியாயம் இன்னொரு கதவைத் திறக்கின்றது. மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வரையிலான திட்டத்தில் சிறுகச் சிறுகக் கட்டலாம். சொந்தப் பயனுக்கென மனுவுக்கு 910 நாள்களுக்கு முன்பே வாங்கிய கார் எனில், கடனைக் காரின் மதிப்பளவிற்குக் குறைத்துக் கட்டவும் இடமுண்டு. மொத்தமாக 8,000 டாலர் புரட்ட இயலாதவர்க்கு இது பெரும் உதவி.

பிணை நின்றவரின் நிலை

பலரும் மறந்துவிடும் செய்தி ஒன்றுண்டு. மகனுடைய காருக்குத் தந்தை உடன் கையெழுத்திட்டிருந்தால், மகனின் 7ஆம் அத்தியாயத் திவால் தந்தையைக் காப்பதில்லை. மகன் காரை ஒப்படைத்தால், எஞ்சிய பாக்கிக்குக் கடன்காரர் தந்தையின் கதவைத் தட்டுவார்.

மலேசிய வாசகர்க்கு இது தொலைவுச் செய்தியன்று. சொந்தப் பயனுக்கான காரின் வாடகைக் கொள்முதலுக்கு ஆதாயம் கருதாமல் பிணை நின்றவரைத் திவாலாக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மலேசியச் சட்டத் திருத்தம் விதித்தது. அடுத்தடுத்து இரு தவணை தவறினால் உரிமையாளர் எழுத்தில் அறிவிப்புத் தந்து 21 நாள் காத்திருக்க வேண்டும் என்பதும் அங்குள்ள விதி. அந்த 21 நாள்களுக்குள் காரைத் தாமே திருப்பித் தருபவர், காரைக் கைப்பற்றும் செலவையும் வைப்புச் செலவையும் ஏற்க வேண்டியதில்லை. காலத்தில் விட்டுக்கொடுப்பவருக்கு அச்சட்டமும் ஒரு நன்மையை வைத்திருக்கின்றது.

முடிவெடுக்கும் முன்

காரைப் பற்றி முடிவு செய்பவர் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டியவை நான்கு. இக்கார் இன்று என்ன விலை பெறும்? இதற்காக இன்னும் மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும்? மாதச் செலவு போக எஞ்சுவதில் தவணை அடங்குமா? இது இல்லாமல் வேலைக்குப் போக வேறு வழி உண்டா? விடைகளைத் தாளில் எழுதிக் கூட்டிப் பார்க்க வேண்டும். கடன் கொடுத்தவரிடம் வட்டியையோ அசலையோ குறைக்கக் கேட்பதிலும் தவறில்லை. பறித்து ஏலம் விடுவதில் அவருக்கும் நட்டம் உண்டு. ஒப்படைக்கத் துணிந்தவர் கேட்டால் அவர் செவிசாய்க்கவும் கூடும்.

பலரைத் தடுமாறச் செய்வது நாணமே. வாசலில் நின்ற கார் இல்லாமற்போனால் அண்டை வீட்டார் என்ன நினைப்பரோ என்னும் எண்ணம் கையெழுத்திடத் தூண்டுகின்றது. விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும் என்பது நம் பெரியோர் வாக்கு. அண்டை வீட்டாரின் பேச்சு ஒரு மாதத்தில் ஓய்ந்துவிடும். மீண்டும் உறுதி செய்த கடனோ 48 மாதங்கள் வாசலில் நிற்கும்.