கம்பி எந்தப் பக்கம்?

“தீபாவளிக்கு முன்னால்தான் அம்மாவுக்கு டெக்ஸா ஸ்கேன் எடுத்தோம். டி ஸ்கோர் மைனஸ் 1.9, பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். பொங்கலன்று கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்தார். இடுப்பு முறிந்துவிட்டது. ஸ்கேன் பொய் சொன்னதா?” ஒரு வாசகியின் கடிதம் இது.

பொய் சொல்லவில்லை, அம்மா. எலும்பில் எவ்வளவு தாது இருக்கிறது என்றுதான் டெக்ஸா பார்க்கும். எலும்பின் நிழலை எடுத்து, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிராம் என்று சொல்லும். அதை இளம் வயதினரின் சராசரியோடு ஒப்பிட்டு வரும் டி ஸ்கோர் மைனஸ் 2.5ஐத் தொட்டால் எலும்புப்புரை என்பது 1994இல் உலக சுகாதார நிறுவனம் கிழித்த கோடு. அந்தக் கோட்டைத் தொடாதவர்களுக்கும் எலும்பு முறிகிறது. அவர்கள் தொகை பெரிது என்பதால் முறிவுகளின் எண்ணிக்கையும் பெரிது.

என் அப்பா கட்டட மேஸ்திரி. எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குச் சென்ட்ரிங் பிரித்த அன்றே சன்ஷேடு இறங்கிவிட்டது. கம்பியைத் திருடிவிட்டார்கள் என்று வீட்டுக்காரர் சத்தம் போட்டார். அப்பா உடைந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “கம்பி குறையலைடா, கீழ கெடக்கு” என்றார். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடுக்கு மேல்பக்கம்தான் இழுவிசை. கம்பி அங்கே இருக்க வேண்டும். கான்கிரீட் போடும்போது ஆட்கள் மிதித்ததில் அடியில் போய்விட்டது. எடை போட்டிருந்தால் கணக்குச் சரியாகவே வந்திருக்கும்.

தொடை எலும்பின் கழுத்தும் இப்படி நீட்டிக்கொண்டிருப்பதுதான். நடக்கும்போது பாரம் கழுத்தின் அடிப்பக்கத்தை அழுத்துகிறது. எலும்பு பாரம் விழும் இடத்தில் தடிக்கும், வேலையில்லாத இடத்தில் கரையும். அதனால் வயதாக ஆக அடிப்பக்கம் தடிமனாகவே இருக்க, மேல்பக்க ஓடு முட்டை ஓடு போல மெலிந்துவிடுகிறது. பக்கவாட்டில் விழும்போதோ எல்லாம் தலைகீழ்: அந்த மெலிந்த மேல்பக்கம்தான் நசுங்குகிறது. பல ஆண்டு நடையில் ஒருநாளும் பழகாத திசையிலிருந்து அடி. இதைப் படித்த நாளிலிருந்து பாட்டிகள் படியிறங்குவதைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதைக்கிறது.

எலும்பு எங்கே தடித்திருக்கிறது, எங்கே மெலிந்திருக்கிறது என்பது சிடி ஸ்கேனில் தெரியும். பாலத்துக்கும் விமான இறக்கைக்கும் பொறியாளர்கள் போடும் ஃபைனைட் எலிமெண்ட் கணக்கு எலும்புக்கும் வந்துவிட்டது. ஸ்கேனில் தெரியும் எலும்பைக் கணினி பல்லாயிரம் சிறு கட்டிகளாக வெட்டுகிறது. ஒவ்வொரு கட்டியின் வெளுப்பிலிருந்து அடர்த்தி, அடர்த்தியிலிருந்து உறுதி. பஞ்சு எலும்பில் அடர்த்தி பாதியானால் வலிமை ஏறக்குறைய கால் பங்காகக் குறையும் என்று ஆய்வாளர்கள் கார்ட்டரும் ஹேய்ஸும் 1977இலேயே காட்டிவிட்டார்கள். பிறகு கணினிக்குள்ளேயே அந்த எலும்பை விழச் செய்து, எத்தனை நியூட்டனில் எந்த இடம் முதலில் விட்டுக்கொடுக்கிறது என்று பார்க்கலாம். இந்தக் கணக்கு சரிதானா என்று, தானமாக வந்த எலும்புகளை ஆய்வகத்தில் நிஜமாகவே உடைத்துச் சரிபார்த்திருக்கிறார்கள்.

அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், கையிலிருப்பதையாவது பார்க்கலாம். சிறுநீரகக் கல்லுக்கு எடுக்கும் வயிற்று சிடியில் இடுப்பு முதுகெலும்பின் முதல் கட்டையும் விழுந்திருக்கும். அதன் நடுவில் ஒரு வட்டம் போட்டால் ஹவுன்ஸ்ஃபீல்டு எண் வரும். தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000. அந்தக் கட்டையில் 160க்கு மேல் இருந்தால் எலும்புப்புரைக்கு வாய்ப்புக் குறைவு, 110க்குக் கீழே போனால் மிக அதிகம் என்று அமெரிக்காவின் விஸ்கான்சினில் பிக்ஹார்ட் என்பவரின் ஆய்வுக் குழு 2013இல் எழுதியது. கூடுதல் கதிர்வீச்சு இல்லை, கூடுதல் செலவு இல்லை, ஒரு நிமிட வேலை.

என் அத்தைக்குக் கல் என்று எடுத்த ஸ்கேன் மூன்று வருடம் பீரோவில் கிடந்தது. ரிப்போர்ட்டில் கல்லின் அளவு மில்லிமீட்டர் சுத்தமாக இருந்தது. முதுகெலும்பைப் பற்றி ஒரு வரி இல்லை. அத்தை விழுந்த பிறகுதான் நண்பரான ஒரு கதிரியக்க மருத்துவர் அந்தக் குறுந்தகட்டைத் திறந்து வட்டம் போட்டார். 82. முன்பே யாராவது பார்த்திருக்கலாமே என்ற ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை.

உங்கள் அம்மாவுக்கு வருகிறேன். நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே இடுப்பு முறிந்தால், டி ஸ்கோர் எதுவானாலும் அதை எலும்புப்புரையாகக் கொண்டு மருந்து தொடங்குவதே மருத்துவ வழக்கம். ஆனால் பிளேட் வைத்து, நடக்க வைத்து, வீட்டுக்கு அனுப்புவதோடு பலருக்கும் சிகிச்சை முடிந்துபோகிறது. அடுத்த முறை போகும்போது எலும்புக்கு மருந்து எழுதினீர்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள். பழைய வயிற்று ஸ்கேன் ஏதாவது இருந்தால் குறுந்தகட்டோடு கொண்டுபோங்கள். அம்மாவுக்கு இன்னொரு பக்க இடுப்பு இருக்கிறது.