கடலில் சாலையோரம் கிடையாது



ஈப்போவிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலை ஏறும் லோரியில் வெப்ப முள் உயர்ந்தால், ஓட்டுநர் சாலையோரமாக நிறுத்திவிட்டு எஞ்சின் ஆறும்வரை காத்திருப்பார். லுமுட்டுக்கும் பங்கோர் தீவுக்கும் இடையே, படகில் குடும்பத்தோடு இருக்கும்போது அதே முள் உயர்ந்தால் எங்கே நிறுத்துவது? கடலில் சாலையோரம் கிடையாது. எஞ்சின் நின்ற படகை நீரோட்டம் இழுத்துச் செல்லும். அதனால்தான் உள்ளே எஞ்சின் பொருத்திய படகு வைத்திருப்பவர்கள் இந்தக் கோளாற்றைக் கரையிலேயே புரிந்துகொள்ள வேண்டும் என்கிறேன்.

ரப்பர் தோட்டத்து ஆலைகளிலும் லோரிப் பட்டறைகளிலும் எஞ்சின் வேலை பழகியவர்கள் நம்மிடையே ஏராளம். அந்த அனுபவம் படகுக்கும் கைகொடுக்கும். ஆனால் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. லோரியின் ரேடியேட்டரைக் காற்று குளிர்விக்கிறது. படகில் அந்த வேலையைச் செய்வது கடல் நீர்.

இரண்டு தண்ணீர், இரண்டு பாதை

பெரும்பாலான டீசல் படகுகளில் இரண்டு நீரோட்டங்கள் உள்ளன. ஒன்று எஞ்சினுக்குள் சுற்றிவரும் குளிர்விப்பு நீர். மற்றொன்று கடல் நீர். அது படகின் அடியிலுள்ள வால்வு வழியாக வந்து, வடிகட்டியையும் பம்பையும் கடந்து, வெப்ப மாற்றிக்குள் சென்று எஞ்சின் சூட்டை வாங்கிக்கொண்டு, புகையோடு வெளியேறுகிறது. இப்படிப்பட்ட எஞ்சின்கள் வழக்கமாக 80 முதல் 90 டிகிரி செல்சியஸ் அளவில் ஓடும். உங்கள் படகில் முள் வழக்கமாக எங்கே நிற்கும் என்பதை நினைவில் வைத்திருங்கள். அதுதான் உங்கள் அளவுகோல்.

முள் உயர்ந்ததும் பலர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசிவிடுகிறார்கள். அது வைத்தியமாகாது. "எவ்வளவு சூடு?" என்று கேட்பதைவிட, "எப்போது சூடாகிறது?" என்று கேட்பதே நோயைக் காட்டிக் கொடுக்கும்.

முள் திடீரென்று உயர்ந்து, புகைக்குழாய் வழியாக வரும் தண்ணீரும் குறைந்தால், கோளாறு கடல் நீர்ப் பாதையில் இருக்கிறது. நீர் நுழையும் துளையில் பிளாஸ்டிக் பை ஒட்டியிருக்கலாம். பாகான் டத்தோ, கோலா செபத்தாங் போன்ற கழிமுகப் பகுதிகளில் சேறும் இலைதழையும் வடிகட்டியை அடைத்துவிடும். பம்பின் வார் அறுந்திருக்கலாம், இம்பெல்லர் கிழிந்திருக்கலாம். வால்வைத் திறக்க மறந்து புறப்பட்டவர்களும் உண்டு!

மெதுவாகப் போகும்போது சரியாக இருந்து, வேகம் கூட்டினால் மட்டும் சிறுகச் சிறுக முள் உயர்ந்தால், தண்ணீர் வருகிறது, ஆனால் போதவில்லை என்று பொருள். வெப்ப மாற்றியின் குழாய்களில் உப்புப் படிந்திருக்கலாம். புகைக்குழாயின் வளைவு துருவால் குறுகியிருக்கலாம். படகின் அடியில் சிப்பி படர்ந்தாலும், விசிறி வளைந்தாலும், பாரம் மிகுந்தாலும் எஞ்சின் திணறும். முழு வேகத்திலும் எஞ்சின் அதற்குரிய சுழற்சியை எட்டவில்லை என்றால், முதலில் படகின் அடிப்பாகத்தைப் பாருங்கள்.

கடல் நீர் தாராளமாக வெளியேறியும் சூடு குறையவில்லையா? உள் சுற்றைச் சோதியுங்கள். குளிர்விப்பு நீர் குறைந்திருக்கலாம், தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கியிருக்கலாம், குழாயில் காற்று அடைத்திருக்கலாம். நீர் தொடர்ந்து குறைந்து, தொட்டியில் குமிழியும் வந்தால் ஹெட் கேஸ்கட் பழுதாகியிருக்கலாம். அது பட்டறை வேலை.

சாவியைத் திருப்பிய உடனே, எஞ்சின் ஓடுவதற்கு முன்பே முள் உச்சத்துக்குப் போனால் கம்பியையோ உணரியையோ சந்தேகியுங்கள். தொடாமல் வெப்பம் அளக்கும் கருவியைத் தெர்மோஸ்டாட் கூட்டில் காட்டினால் உண்மை தெரிந்துவிடும்.

ரப்பர் நமக்குத் தெரியாததா?

பம்பின் இதயமான இம்பெல்லர் ரப்பரால் ஆனது, பெரும்பாலும் செயற்கை ரப்பர். வளைந்த நிலையில் நெடுநாள் கிடந்த ரப்பர் வளைந்தே போகும் என்பதைத் தோட்டத்தில் வளர்ந்த நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பல மாதம் ஓடாமல் கட்டிக் கிடக்கும் படகில் நடப்பதும் அதுதான். அதற்கு எண்ணெய் போல உதவுவதும் தண்ணீரே. வறண்டு ஓடினால் சிறிது நேரத்திலேயே கருகிவிடும். ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள். ஒன்றைப் படகிலும் வைத்திருங்கள். பழையதில் இதழ்கள் உடைந்திருந்தால், புதியதைப் போட்டுவிட்டுத் திருப்தியடையாதீர்கள். உடைந்த துண்டுகளைத் தேடி எடுங்கள். அவை வெப்ப மாற்றியின் வாயில் போய் அடைத்துக்கொண்டு, மறுபடியும் சூட்டைக் கிளப்பும்.

நடுக்கடலில் என்ன செய்வது?

முதலில் வேகத்தைக் குறைத்து, புகைக்குழாயைப் பாருங்கள். தண்ணீர் வந்தால் சில நிமிடம் மெதுவாக ஓடவிட்டு ஆற விடலாம். வரவில்லை என்றால் தாமதிக்காமல் எஞ்சினை நிறுத்துங்கள். ரப்பர்க் குழாய் தீப்பற்றக்கூடும். நங்கூரத்தை இறக்குங்கள், எல்லாரும் உயிர்காப்பு அங்கி அணியட்டும். சூடாக இருக்கும்போது குளிர்விப்பு நீரின் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் பீறிடும். வடிகட்டியைத் திறக்கும் முன் கடல் வால்வை மூடுங்கள். இல்லையெனில் கடலே படகுக்குள் வந்துவிடும். வேலை முடிந்ததும் அதைத் திறக்க மறவாதீர்கள். நிலைமை கைமீறினால் 999-ஐ அழையுங்கள்.

மாசி மகத்தன்று பங்கோர் பத்திரகாளியம்மன் ஆலயத்திற்குப் போனாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போடப் போனாலும் சரி, புறப்படும் முன் வடிகட்டி, வார், குளிர்விப்பு நீர் மூன்றையும் பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான். படகில் ஏறுகிறவர்கள் உங்களை நம்பித்தான் ஏறுகிறார்கள்.