பழைய பெட்டி – 9: பாதியில் நின்ற அப்கிரேடு

சென்ற வாரம் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி மாட்டினோம். இந்த வாரம் ஸ்க்ரூ டிரைவருக்கு வேலை இல்லை. கீபோர்டும் கொஞ்சம் நிதானமும் இருந்தால் போதும்.

லினக்ஸ் லேப்டாப் ஒன்று அப்கிரேடு நடுவில் படுத்துவிட்டால், கம்ப்யூட்டர் தெரிந்தவர் என்று தெருவில் பேரெடுத்தவர் யாராக இருந்தாலும் ‘ஃபார்மேட் பண்ணிடலாம்’ என்றுதான் சொல்வார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு அது சுலபம். லேப்டாப்புக்குச் சொந்தக்காரருக்குத்தான் நஷ்டம். டெபியன் வழிவந்த உபுண்டு, மின்ட் போன்றவற்றுக்குப் பாதியில் விட்ட வேலையை விட்ட இடத்திலிருந்தே தொடரத் தெரியும். நாம் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

எதிர்வீட்டுத் தம்பி கொண்டுவந்த லேப்டாப்பில் இருந்தது உபுண்டு 19.10. அவனுடைய அக்கா கல்லூரியில் படித்தபோது போட்டது. உபுண்டுவுக்கு ஏப்ரலில் ஒன்று, அக்டோபரில் ஒன்று என ஆண்டுக்கு இரண்டு வெளியீடுகள். ஆண்டையும் மாதத்தையும் சேர்த்ததுதான் அந்த எண். இரட்டைப்படை ஆண்டின் ஏப்ரல் வெளியீட்டுக்கு எல்டிஎஸ் என்று பெயர், ஐந்து ஆண்டு ஆதரவு உண்டு. மற்றதற்கெல்லாம் ஒன்பதே மாதம். 19.10-இன் காலம் 2020 ஜூலையிலேயே முடிந்துவிட்டது.

காலாவதியான சிஸ்டத்தில் ‘ஆப்ட் அப்டேட்’ கொடுத்தால் வரிசையாக 404 வரும். நெட் சரியில்லை என்று மோடத்தை அணைத்துப் போடுகிறவர்கள் உண்டு. நெட்டில் கோளாறு இல்லை. பேக்கேஜ்கள் வீடு மாறிவிட்டன. ஆதரவு முடிந்த வெளியீடுகளை ‘ஓல்டு ரிலீசஸ்’ என்ற தனி சர்வருக்கு நகர்த்திவிடுகிறார்கள். ‘சோர்சஸ் லிஸ்ட்’ ஃபைலில் ‘ஆர்க்கைவ்’, ‘செக்யூரிட்டி’ என்று வரும் முகவரிகளை அந்த சர்வருக்கு மாற்றினால் 404 மறைந்துவிடும். பிறகு 19.10-இல் பாக்கியிருக்கும் அப்டேட்களை முடித்துவிட்டு 20.04-க்கு ஏற வேண்டும். நேராக 24.04-க்குத் தாவ வழியில்லை.

இது வரைக்கும் தம்பி தானாகவே சரியாகச் செய்திருந்தான்.

“பேட்டரி செத்து ரொம்ப நாளாச்சுண்ணா. சார்ஜர்லதான் ஓடுது. பாதியில கரண்ட் போயிடுச்சு.”

ஆன் செய்தால் கறுப்புத் திரையில் நாலைந்து வரிகள், கடைசியில் ‘கெர்னல் பேனிக்’. ரூட் ஃபைல் சிஸ்டத்தை மவுன்ட் செய்ய முடியவில்லை என்று புலம்பல். பார்த்தால் டிஸ்க்கே போய்விட்டது போலத் தோன்றும். டிஸ்க்குக்கு ஒன்றுமில்லை. புது கெர்னல் வந்து உட்கார்ந்துவிட்டது. அது எழுந்திருக்கக் கைகொடுக்கும் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்ற ஃபைலை எழுதுவதற்குள் கரண்ட் போய்விட்டது.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பயம் போகும். பேக்கேஜ்களை நிறுவுவது ‘டிபிகேஜி’ என்ற புரோகிராம். 1994-இல் இயன் மர்டாக் தொடங்கியது. இயன் ஜாக்சன் அதே ஆண்டில் அதை சி மொழியில் திருப்பி எழுதினார். வீடு மாறுகிறவர்கள் சாமானையெல்லாம் முதலில் இறக்கிவைத்துவிட்டுப் பிறகு அடுக்குவது போல, இது பேக்கேஜை முதலில் பிரித்து வைக்கும், அப்புறம்தான் கன்ஃபிகர் செய்யும். பிரிக்கும்போதும் பழைய ஃபைலின் மேல் நேரடியாக எழுதாது. பக்கத்தில் ‘டிபிகேஜி-நியூ’ என்ற வாலோடு புது ஃபைலை வைத்து, முழுதாக எழுதி முடித்த பிறகே பெயரை மாற்றும். எந்தப் பேக்கேஜ் எந்த நிலையில் இருக்கிறது என்பதை ‘ஸ்டேட்டஸ்’ என்ற ஒரே டெக்ஸ்ட் ஃபைலில் குறித்துக்கொண்டே போகும். கரண்ட் போனாலும் அந்தக் கணக்கு டிஸ்க்கில் இருக்கும்.

இனி வைத்தியம். லேப்டாப் எழும்போது ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடிக்க வேண்டும்; யுஇஎஃப்ஐ உள்ள லேப்டாப் என்றால் எஸ்கேப் கீ. கிரப் மெனு வரும். ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ உள்ளே போனால் 20.04-இன் 5.4 கெர்னலுக்குக் கீழே 19.10-இன் 5.3 கெர்னல் இன்னும் இருக்கும். வேண்டாத பழையதைக் கழிப்பது அப்கிரேடின் கடைசி வேலை என்பதால் அது பிழைத்திருக்கிறது. அதன் ‘ரெக்கவரி மோட்’ வரியைத் தேர்ந்தெடுத்து, அடுத்து வரும் மெனுவில் ‘ரூட்’ என்பதை எடுக்கலாம். டிஸ்க் அப்போது படிக்க மட்டுமான நிலையில் இருக்கும். எழுதும்படி ரீமவுன்ட் செய்துவிட்டு, டிபிகேஜிக்கு ‘கன்ஃபிகர், ஆல்’ என்று கட்டளை கொடுத்ததும் அடுக்காமல் கிடந்த பேக்கேஜ்கள் ஒவ்வொன்றாகத் திரையில் ஓட ஆரம்பித்தன. நடுவில் சில செட்டிங் ஃபைல்களைப் புதிதாக மாற்றவா, பழையதையே வைத்துக்கொள்ளவா என்று கேட்கும். நாம் கைவைத்த ஃபைல்களுக்கு மட்டும்தான் இந்தக் கேள்வி வரும். ‘டி’ அழுத்தினால் வித்தியாசத்தைக் காட்டும். பார்த்துவிட்டுப் பதில் சொல்வது நல்லது.

அது முடிந்ததும் ஆப்டின் ‘ஃபிக்ஸ் புரோக்கன்’, பிறகு ‘ஃபுல் அப்கிரேடு’. மீதிப் பேக்கேஜ்கள் இறங்க நெட் வேண்டும். நம் பெட்டியில் இருந்தது ப்ராட்காம் வைஃபை சிப். அதன் டிரைவர் ஒவ்வொரு புது கெர்னலுக்கும் புதிதாக பில்டு ஆக வேண்டிய வகை என்பதால், கெர்னல் மாறியதும் வைஃபை காணாமல் போயிருந்தது. போனை யுஎஸ்பி கேபிளில் செருகி டெதரிங் போட்டோம், நெட் வந்துவிட்டது. அந்த டிரைவர் பேக்கேஜை ரீஇன்ஸ்டால் செய்ததும் வைஃபையும் திரும்பியது.

இதே கெர்னல் பேனிக், கரண்ட் போகாமலும் வரும். ‘பூட்’ பார்ட்டிஷனைத் தனியாகச் சின்னதாக வைத்திருப்பவர்களுக்குப் பழைய கெர்னல்கள் சேர்ந்து சேர்ந்து இடம் அடைந்துவிடும். இனிட்ராம்எஃப்எஸ் எழுத இடம் இருக்காது. அங்கே ‘ஆட்டோரிமூவ்’ கொடுத்து இடம் பண்ண வேண்டும். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலைக் கையால் அழித்துவிடாதீர்கள்.

சரி, 20.04 எழுந்துவிட்டது. அதற்கும் வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்ததே, 22.04, 24.04 என்று இன்னும் இரண்டு படி ஏற வேண்டாமா? ஏறச் சொல்ல மாட்டேன். வைஃபைக்கே கெர்னல் மாறும்போதெல்லாம் மல்லுக்கட்டும் பெட்டி இது. உபுண்டு ப்ரோவில் பதிந்துகொண்டால் 20.04-க்குப் பாதுகாப்பு அப்டேட்கள் 2030 வரை கிடைக்கும். சொந்த உபயோகத்துக்கு ஐந்து மெஷின் வரை இலவசம். ஃபயர்ஃபாக்ஸை மட்டும் மொசில்லாவின் சொந்த ஆப்ட் களஞ்சியத்திலிருந்து எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

புதுசுதான் வேண்டும் என்கிறவர்களுக்குப் படிப்படியாக ஏறுவதைவிட 24.04-ஐச் சுத்தமாகப் போட்டுவிடுவதே மேல். ரேம் குறைவென்றால் எக்ஸ்உபுண்டு போடலாம். ஃபார்மேட்டின் நேரம் அதுதான். ஆனால் அதற்கு முன்னால் சிஸ்டம் ஒருமுறை எழுந்தாக வேண்டும். போட்டோக்களையும் டாக்குமென்ட்களையும் லைவ் யுஎஸ்பியிலிருந்தே அள்ளிவிடலாம். அக்காவின் புராஜெக்ட் இருந்த மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸை, ஓடுகிற சிஸ்டத்திலிருந்து டம்ப் எடுப்பதுதான் பத்திரம். எடுத்துப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தாயிற்று.

அடுத்த வாரம்: செத்த பேட்டரிக்குப் பதில் வாங்கும்போது எதைப் பார்ப்பது, எதை நம்பக் கூடாது.