பினாங்குக்கு மூன்று நாள்

உட்கார், தங்கச்சி. இரண்டு தே ஓ சொல்லியிருக்கிறேன். உனக்குக் கணக்குப் பிரிவில் மேசை வேலை. பயணம் எப்போதாவதுதான் வரும். பினாங்குக் கிளைக்கு மூன்று நாள் போய்வர முடியுமா என்று மேலாளர் லிஃப்ட் வாசலில் கேட்டார். நீ சிரித்துவிட்டு வந்துவிட்டாய். அந்தச் சிரிப்பை அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டிருப்பார். அதனால் நாளைக்குள் பேசிவிடு.

முதலில் வேலைக் கடிதத்தை எடுத்துப் பார். முக்கிய வேலை விதிமுறைகளை, வேலையில் சேர்ந்த 14 நாளுக்குள் முதலாளி எழுத்தில் தரவேண்டும் என்பது 2016 ஏப்ரலிலிருந்து இங்கே சிங்கப்பூரில் நடைமுறை. அதில் வெளியூர்ப் பயணம் பற்றி ஒரு வரி இருந்தால் அடியோடு மறுப்பது கடினம். எந்த நாள், எத்தனை நாள் என்று பேச அப்போதும் இடமுண்டு. வரியே இல்லாவிட்டால் உன் பேச்சுக்கு இன்னும் கொஞ்சம் பலம்.

ஆனால் உனக்குச் சிக்கல் பினாங்கு இல்லை, மாலை 7 மணி. பாலர் பராமரிப்பு நிலையம் அந்த நேரத்துக்கு மூடிவிடும். லிட்டில் இந்தியாவில் வடகிழக்கு ரயிலைப் பிடித்து செங்காங்கில் இறங்கி ஓடுகிறவள் நீ. அந்த மூன்று நாளும் யார் ஓடுவார்? "வீட்டில் கஷ்டம்" என்று மட்டும் சொன்னால் மேலாளருக்கு ஒன்றும் விளங்காது. தயங்குகிறாள் என்றுதான் நினைப்பார். "மாலை 7 மணிக்குள் பிள்ளையை எடுக்க ஆள் ஏற்பாடு செய்ய இரண்டு வாரம் வேண்டும், ஞாயிறு கிளம்ப முடியாது, செவ்வாய் போய் வியாழன் திரும்பினால் சரி" என்று சொல். அவர் மாற்றக்கூடியது எது என்று அப்போதுதான் அவருக்குத் தெரியும். போகிற காரியம் என்ன என்றும் கேள். கோப்புகளைச் சரிபார்ப்பதில் பாதியை இங்கிருந்தே திரையில் பார்த்துவிட்டால் மூன்று நாள் இரண்டாகலாம்.

காசு விஷயத்தைக் கேட்கக் கூச்சப்படாதே. காலை 7 மணி விமானத்துக்கு முதல் ரயில் உதவாது. டாக்சிக் காசு யார் தருவார்? தினப்படி எவ்வளவு? உள்நாட்டு வருவாய் ஆணையம் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு அளவு வைத்திருக்கிறது; அதற்குமேல் கொடுத்தால் மிச்சத்துக்கு வரி உண்டு. ஓய்வுநாளில் வேலை விழுந்தாலும் கேள்வி இருக்கிறது. உன்னைப்போல் மாதச் சம்பளம் 2,600 வெள்ளிக்கு மேற்படாத அலுவலக ஊழியர், முதலாளி கேட்டு ஓய்வுநாளில் பாதி நாளுக்குமேல் வேலை செய்தால் இரண்டு நாள் சம்பளம் என்று வேலை நியமனச் சட்டம் சொல்கிறது. ஞாயிறு விமானத்தில் உட்கார்ந்திருப்பது வேலையில் சேருமா என்பதைக் கிளம்புவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுக்கொள். திரும்பி வந்து கேட்டால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

இன்னொன்று, பலர் விட்டுவிடுவது. 2024 டிசம்பர் 1 முதல் நீக்குப்போக்கான வேலை ஏற்பாடுகளுக்கான முத்தரப்பு வழிகாட்டிக் குறிப்புகள் நடப்பில் உள்ளன. தகுதிகாண் காலம் முடித்த எவரும் முறைப்படி விண்ணப்பிக்கலாம். முதலாளி இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும். பயணத்தை மறுக்கும் உரிமையை அது தராது. ஆனால் பயணம் முடிந்த மறுநாள் வீட்டிலிருந்து வேலை, பயண வாரத்தில் சீக்கிரம் கிளம்புவது போன்றவற்றை அதில் கேட்கலாம். பதிலுக்கு இரண்டு மாதம்வரை ஆகலாம் என்பதால், அடுத்த பயணப் பேச்சு வருவதற்குள்ளேயே எழுதிக் கொடுத்துவிடு. முதலாளி ஒருமுறை ஒத்துக்கொண்டது அடுத்த தடவை உனக்குச் செய்யும் சலுகையாக இருக்காது, வழக்கமாகிவிடும்.

இந்தத் தடவை போய்வா என்றுதான் நான் சொல்வேன். மறுப்பதற்குக் காரணம் இருக்கிறது, ஆனால் அந்தக் கிளையின் கணக்கு உனக்குத்தான் தெரியும். மேலாளர் உன்னைக் கேட்டதும் அதனால்தான்.

தேநீரைக் குடி, ஆறுகிறது. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகக் கடப்பிதழை எடுத்துப் பார். மலேசியாவுக்கு ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும்.