இகுவானாவுக்குக் கூண்டு கட்டுமுன்

"இகுவானா வாங்கலாமென்று இருக்கிறேன், எவ்வளவு பெரிய கூண்டு வேண்டும்?" என்று கேட்பவர்களுக்கு நான் எடுத்தவுடன் அளவு சொல்வதில்லை. டீயைக் குடியுங்கள், முதலில் அந்தப் பிராணி எப்படி வாழ்கிறது என்று பார்ப்போம் என்பேன். அது தெரிந்துவிட்டால் அளவை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

கடையில் நீங்கள் பார்ப்பது குட்டி. வாலோடு சேர்த்தே ஓரடிக்குள் அடங்கிவிடும். நன்றாக வளர்த்தால் மூன்று நான்கு வருடத்தில் ஐந்தடியைத் தொடும்; பெரிய ஆண் ஆறடிகூடப் போகும். அதில் பாதிக்கு மேல் வால்தான். எடை நாலைந்து கிலோ. சரியாகக் கவனித்தால் 15 வருடமும் அதற்கு மேலும் உங்களோடு இருக்கும். குட்டியோடு சேர்த்துக் கடைக்காரர் விற்கும் கண்ணாடித் தொட்டி சில மாதங்களில் பரணுக்குப் போய்விடும்.

சட்டத்தையும் இப்போதே பேசிவிடுவோம். இகுவானாவைப் போலவே பல்லி இனமான நம் ஊர் உடும்பை வளர்க்க முடியாது. அது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. நடு, தென் அமெரிக்காவைச் சேர்ந்த பச்சை இகுவானா வேறு கணக்கு. அது சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள உயிரினம். அதை வைத்திருப்பவர் 2024இல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். விற்பவரிடம் அதற்கான காகிதம் இல்லையென்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

இனி கூண்டு. நமக்கு உடம்புக்குள்ளேயே அடுப்பு எரிகிறது. இகுவானாவுக்கு அடுப்பு வெளியே, வெயிலில் இருக்கிறது. சூடு வேண்டுமென்றால் வெயிலுக்குப் போகும். போதுமென்றால் நிழலுக்கு வரும். நாள் முழுக்க இப்படி இடம் மாறி மாறித்தான் தன் உடம்பைச் சரியான சூட்டில் வைத்துக்கொள்கிறது. அது முழுக்க முழுக்க இலை தின்னி. அந்த இலையை அதன் பெருங்குடலில் உள்ள நுண்ணுயிரிகள் நொதிக்கவைத்துத்தான் சத்தாக்குகின்றன. சூடு குறைந்தால் அந்த வேலை நின்றுபோகும். வயிறு நிறையத் தின்றும் பிராணி மெலியும்.

ஆகவே கூண்டில் ஒரே சூடு இருந்தால் போதாது. ஒரு முனையில், விளக்குக்குக் கீழே, 35 முதல் 38 டிகிரி செல்சியஸ். மறுமுனையில் 26, 27 டிகிரி. இரண்டுக்கும் நடுவே அதற்குப் பிடித்த இடத்தை அதுவே தேர்ந்துகொள்ளட்டும். மூன்றடிப் பெட்டியில் இந்த வித்தியாசத்தைக் கொண்டுவரவே முடியாது. விளக்கைப் போட்டால் மொத்தப் பெட்டியும் கொதிக்கும். கூண்டு நீளமாக இருக்க வேண்டும் என்பதற்கு முதல் காரணம் இதுதான்.

சூடு மேலிருந்து வர வேண்டும். மின்சாரத்தில் சூடாகும் கல் என்று ஒன்று விற்கிறார்கள், வாங்காதீர்கள். வயிற்றுக்குக் கீழே சுடுவது சட்டென்று உறைக்காமல், தோல் வெந்துபோகும்வரை அதன் மேலேயே படுத்திருக்கும் பிராணிகள் உண்டு. விளக்கைச் சுற்றியும் கம்பிவலை போட்டுவிடுங்கள், இல்லையென்றால் அதன் மேல் ஏறிப் படுக்கும்.

அடுத்தது வெளிச்சம். சூரிய ஒளியில் உள்ள யுவி-பி கதிர் தோலில் பட்டால்தான் அதன் உடம்பில் வைட்டமின் டி3 உண்டாகும். அது இருந்தால்தான் உணவிலுள்ள கால்சியம் எலும்பில் சேரும். இல்லாவிட்டால் தாடை மென்மையாகும், கால் எலும்பு வளையும். ஜன்னலோரம் வைத்திருக்கிறேனே என்பார்கள். ஜன்னல் கண்ணாடி யுவி-பியைத் தடுத்துவிடும். உள்ளே வருவது வெளிச்சமும் சூடும்தான். வீட்டுக்குள் என்றால் ஊர்வனவற்றுக்கென்று விற்கும் யுவி-பி டியூப் வேண்டும். அது எரிந்துகொண்டே இருந்தாலும் கதிர் குறைந்துவிடும் என்பதால், தயாரிப்பாளர் சொல்லும் கெடுவில், பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள், மாற்றிவிட வேண்டும்.

இந்த இடத்தில் நமக்கு ஒரு சௌகரியம் உண்டு. குளிர்நாட்டுக்காரர்கள் காசு கொட்டி வாங்கும் வெயில் நம் மொட்டை மாடியில் சும்மா கிடக்கிறது. பால்கனியிலோ மாடியிலோ வலைக்கூண்டு கட்டினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் மே மாத மதியத்தில் அதே வெயில் கொன்றும்விடும். கூண்டின் பாதிக்காவது எந்நேரமும் நிழல் இருக்க வேண்டும். கீற்றோ பச்சை நிழல்வலையோ போடலாம், தகரம் வேண்டாம். கண்ணாடித் தொட்டியை மட்டும் பத்து நிமிடம்கூட வெயிலில் வைக்கக் கூடாது.

உயரம் எதற்கு? இகுவானா மரத்தில் வாழ்வது. அதன் உச்சந்தலையில் மூன்றாவதாக ஒரு கண் உண்டு. உருவம் தெரியாது, வெளிச்சமும் நிழலும் தெரியும். மேலே பருந்தின் நிழல் விழுந்தால் ஓடிவிடலாம் அல்லவா? தரையில் வைத்த கூண்டுக்குள் மேலிருந்து கை நீட்டினால் நீங்களும் அதற்குப் பருந்துதான். அது இளைப்பாறும் கிளை உங்கள் கண் மட்டத்தில் இருந்து, கதவும் பக்கவாட்டில் இருந்தால் பயம் பாதி குறையும்.

இப்போது அளவு தானாக வந்துவிட்டது. ஆறடி நீளம், ஆறடி உயரம், மூன்றடி அகலம். வளர்ந்த ஒன்றுக்கு இது குறைந்தபட்சம். அகலத்தில் கை வைக்காதீர்கள், வாலை மடக்காமல் திரும்ப அதற்கு இடம் வேண்டும். ஒரே கூண்டில் இரண்டு ஆணை விடவும் கூடாது, ரத்தம் பார்க்காமல் ஓயாது.

பொருளுக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். வீட்டுக்குள் என்றால் பிவிசி போர்டு, அல்லது ஈரம் ஏறாத பூச்சு கொடுத்த பிளைவுட். முன்பக்கம் மட்டும் கண்ணாடி. காற்றில் ஈரப்பதம் 60 முதல் 80 சதவீதம் இருக்க வேண்டும் என்பதால் பூசாத மரம் ஊறிப்போகும். வெளியே என்றால் இரும்புச் சட்டத்தில் அரை அங்குல வெல்ட் மெஷ். பெரிய எலி, பூனை, காக்கை எதுவும் நுழையாது. கோழிக்கூண்டு வலை மெல்லியது, விரலும் நகமும் மாட்டிக்கொள்ளும். கிளைகள் அதன் உடம்புப் பருமனுக்கு இருக்கட்டும். தண்ணீர்த் தொட்டியில்தான் பெரும்பாலும் மலம் கழிக்கும். எளிதாக எடுத்துக் கழுவ வழி வையுங்கள்.

தச்சரிடம் போகுமுன் வாசற்கதவின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். மூன்றடிக் கூண்டு இரண்டரையடிக் கதவுக்குள் நுழையாது. போல்ட் போட்டுக் கழற்றி மாட்டும்படி செய்யச் சொல்லுங்கள். கூண்டு வந்ததும் பிராணியை வாங்க ஓடாதீர்கள். இரண்டு முனையிலும் தெர்மாமீட்டர் தொங்கவிட்டு ஒரு வாரம் காலை, மதியம், இரவு எழுதி வையுங்கள். இரவில் 24 டிகிரிக்குக் கீழே போகிறதா, மதியத்தில் குளிர்ந்த முனையும் 35ஐத் தாண்டுகிறதா என்று தெரிந்துவிடும். காலிக் கூண்டில் தவற்றைத் திருத்துவது சுலபம்.

இவ்வளவுக்கும் வீட்டில் இடமில்லை என்று தோன்றினால், வாங்காமல் இருப்பதே சரி. வளர்க்க முடியாமல் போனால் ஏரிக்கரையில் விட்டுவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஃப்ளோரிடாவிலும் தைவானிலும் அப்படித் தப்பியவையும் விடப்பட்டவையும்தான் பெருகி, இன்று அரசாங்கமே பிடித்துக் குறைக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுவந்திருக்கின்றன.