காய்ச்சலே இல்லை, ஆனாலும் தொற்றா? வீட்டுப் பெரியவர்களிடம் எதைக் கவனிக்கணும்?

“ஜுரம்லாம் இல்லப்பா. ரெண்டு நாளா சரியா சாப்பிடல, படுத்தே இருக்காரு. வயசாச்சுல்ல?” ஊரிலிருந்து அம்மா இப்படிச் சொன்னால், “ரெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க” என்று போனை வைத்துவிடுவோம். சிக்கலே அங்கேதான்.

கடுமையான தொற்று உள்ள முதியவர்களில் சுமார் 20 முதல் 30 சதவீதம் பேருக்குக் காய்ச்சல் தெளிவாகத் தெரிவதில்லை. வயதாக ஆக, தொற்றுக்கு எதிராக உடல் சூடேறுவது குறைகிறது. அவர்களின் வழக்கமான வெப்பநிலையே சற்றுக் குறைவு என்பதால், வழக்கத்தைவிட 2 டிகிரி ஃபாரன்ஹீட் ஏறினாலே காய்ச்சல்தான். நல்லா இருக்கும்போதே ஒருமுறை அளந்து குறித்து வையுங்கள். மூட்டு வலிக்குத் தினமும் பாராசிட்டமால் போடுபவர் என்றால், தெர்மாமீட்டரை ரொம்ப நம்ப வேண்டாம்.

அப்போ எதைப் பார்ப்பது? மாற்றத்தை. நேற்றுவரை பேப்பர் படித்து அரசியல் பேசிய அப்பா, இன்று மகளை அடையாளம் தெரியாமல் விழிக்கிறார். இதை ‘டெலிரியம்’ என்கிறார்கள். மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வளரும். இது சில மணி நேரத்தில், ஓரிரு நாளில் வரும். காலையில் தெளிவு, மாலையில் குழப்பம் என்று மாறிக்கொண்டே இருக்கும். கத்திக் கலாட்டா செய்பவரை எல்லோரும் கவனிப்பார்கள். பேசாமல் தூங்கி வழிபவரைத்தான் கோட்டை விடுகிறோம். திடீரென்று கீழே விழுவது, புதிதாகப் படுக்கையில் சிறுநீர் போவது, இதெல்லாமும் அறிகுறிதான். நிமோனியாவில் இருமலே இல்லாமல், மூச்சு மட்டும் வேகமாகலாம். அவருக்குத் தெரியாமல் முழுசாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். 25-ஐத் தொட்டால் தாமதிக்க வேண்டாம்.

இன்னொரு பக்கமும் தப்பு நடக்கிறது. குழப்பம் என்றதுமே ‘யூரின் இன்ஃபெக்‌ஷன்’ என்று முடிவு கட்டிவிடுவது. வயதான பெண்கள் பலருக்கு எந்தத் தொந்தரவும் தராமலேயே சிறுநீரில் பாக்டீரியா இருக்கும். எரிச்சல், காய்ச்சல் எதுவும் இல்லாமல் ரிப்போர்ட்டில் மட்டும் ‘பாசிட்டிவ்’ என்றால், அது நோய் ஆகாது. நீர்ச்சத்துக் குறைவு, சோடியம் குறைவு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை, மலச்சிக்கல் என்று வேறு காரணம் இருக்கலாம். போன தடவை மிச்சமான ஆன்டிபயாடிக்கை நாமே கொடுப்பது இன்னும் மோசம். பிறகு எடுக்கும் கல்ச்சர் டெஸ்டில் கிருமி சிக்காமல் போகலாம்.

டாக்டரிடம் “ஒரு மாதிரி இருக்காங்க” என்பதைவிட, “நேத்து காலை வரை தனியா குளிச்சாங்க, சாயங்காலத்திலிருந்து எழுந்திருக்கவே முடியல” என்று சொல்லுங்கள். மருந்துச் சீட்டுகளையும் கையோடு எடுத்துப் போங்கள். திடீர்க் குழப்பம் என்றால் அன்றைக்கே காட்ட வேண்டும். எழுப்பினாலும் விழிக்கவில்லை, மூச்சு வாங்குகிறது, பல மணி நேரமாகச் சிறுநீரே போகவில்லை என்றால் 108-ஐ அழையுங்கள்.